நகல் என்று அச்சடிக்க என்ன கஷ்டம்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் கார் கிடையாது, பஸ் பாஸ்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு பி.காம் ஜென்மம் எதற்கு அறுபது வருடப் பழைய கார்களின் ஓனர்ஸ் மேனுவலைப் பற்றி எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதில் கார் விஷயம் கால்வாசிதான். மிச்சம் முக்கால்வாசி வியாபாரம். பொருளை என்ன பெயர் சொல்லி விற்கிறோம், வாங்குகிறவனுக்கு எதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்கிற விஷயம். அதைத்தானே எங்களுக்குப் பாடமாக வைத்திருக்கிறார்கள்!

மேட்டர் இதுதான். புதுக் கார் வாங்கினால் க்ளவ் பாக்ஸில் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, எந்த ஆயில், டயருக்கு எவ்வளவு காற்று, ஃப்யூஸ் எங்கே என்றெல்லாம் சொல்லும் புத்தகம், அதுதான் ஓனர்ஸ் மேனுவல். பிரிட்டிஷ்காரர்கள் ஹேண்ட்புக் என்பார்கள். நம்மில் பாதிப் பேர் அதைப் பிரிப்பதே இல்லை. ஆனால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய கார்களைச் சேகரிப்பவர்களுக்கு இந்தப் புத்தகம் ஒரு பொக்கிஷம். கார் பழசாகப் பழசாகப் புத்தகத்தின் மவுசும் ஏறும். அபூர்வமான பழைய ஃபெராரிகளின் ஒரிஜினல் மேனுவல்கள் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகின்றன. ஆயிரக்கணக்கான டாலருக்குக் கார் அல்ல, காரின் புத்தகம்!

இப்படி ஒரு மவுசு இருந்தால் நகல் வராமல் இருக்குமா? வந்தது. மாடல் டி ஃபோர்டு, முஸ்டாங், கார்வெட், எம்.ஜி., ஜாகுவார் என்று பிரபலமான எந்தப் பழைய காரை எடுத்தாலும் அதன் மேனுவலுக்கு நகல் கிடைக்கும். சில நகல்களில் "இது மறுபதிப்பு" என்று அச்சிட்டிருக்கும். பலவற்றில் இருக்காது. அட்டை அப்படியே, உள்ளே எழுத்து அப்படியே, ஃபோர்டு கம்பெனி 1964-இல் போட்ட தேதிகூட அப்படியே. இதை யார், எந்த வருடம், எங்கே அச்சடித்தார்கள் என்பதற்கு ஒரு வரி கிடையாது.

என் கட்சி ஒன்றே ஒன்று. நகல் தப்பில்லை. நகலை நகல் என்று அச்சடிக்காமல் விடுவதுதான் தப்பு. அதுவும் சின்னத் தப்பு இல்லை.

நகலுக்கு நான் எதிரியா?

இல்லவே இல்லை. முதலில் நகலுக்கு வக்காலத்து வாங்கிவிட்டுத்தான் மேலே போகப் போகிறேன். ஏனென்றால் இந்த விஷயத்தில் இன்னொரு கோஷ்டி இருக்கிறது. ஒரிஜினலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் பூட்டிவிட்டு, நகல் வைத்திருப்பவனைப் பார்த்து மூக்கைச் சுளிக்கும் கோஷ்டி. அவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை.

மேனுவல் எதற்காக இருக்கிறது? படிப்பதற்கு. மாடல் டி-யை எடுத்துக்கொள்ளுங்கள். 1908-இல் இருந்து 1927 வரை ஏறக்குறைய ஒன்றரைக் கோடி வண்டிகள் தயாரிக்கப்பட்டன. இன்றைக்கு உங்கள் வீட்டில் யாரையாவது, அவர் முப்பது வருட டிரைவராகவே இருக்கட்டும், அந்த வண்டியில் உட்காரவைத்து ஓட்டச் சொன்னால் முழிப்பார். காலுக்கு மூன்று பெடல். ஆனால் ஆக்ஸிலரேட்டர் அங்கே இல்லை, அது ஸ்டியரிங்குக்குக் கீழே வலது பக்கம் கையால் இழுக்கும் ஒரு லீவர். இடது பெடலை முழுக்க அமுக்கினால் லோ கியர், பாதியில் நிறுத்தினால் நியூட்ரல், ஹேண்ட்பிரேக்கை முன்னால் தள்ளிவிட்டுப் பெடலை விட்டுவிட்டால் ஹை கியர். நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல்தான் பிரேக். இது போதாதென்று ஸ்டியரிங்கின் இடது பக்கம் இன்னொரு லீவர், ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்று நாமே வைக்க வேண்டும். வண்டியை முன்னால் நின்று கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் முன் அந்த லீவரைப் பின்தள்ளி வைக்க மறந்தால், கிராங்க் கம்பி திருப்பி அடிக்கும். மணிக்கட்டு உடையும். அப்படி உடைந்த கைகள் அந்தக் காலத்தில் ஏராளம்.

இதையெல்லாம் ஃபோர்டு கம்பெனி மேனுவலில் கேள்வி பதிலாகவே எழுதியிருந்தது. நம் கோனார் நோட்ஸ் மாதிரி. வண்டியை எப்படி ஸ்டார்ட் செய்வது, எப்படி நிறுத்துவது என்று ஒவ்வொன்றும் ஒரு கேள்வி, கீழே பதில். கார் என்றால் என்னவென்றே தெரியாமல் குதிரை வண்டியிலிருந்து இறங்கி வந்த விவசாயிக்கு அதைவிடத் தெளிவாக எழுத முடியாது.

இப்போது சொல்லுங்கள், நூறு வருடத்துக் காகிதத்தை ஆயில் கையோடு புரட்டுவது நல்லதா, பத்துப் பதினைந்து டாலர் நகலைப் புரட்டுவது நல்லதா? நகல்தான். அழுக்கானால் இன்னொன்று வாங்கலாம். ஒரிஜினல் அலமாரியில் பத்திரமாக இருக்கும். மாடல் டி மேனுவல்கள் எல்லாமே 1927-க்குள் வந்தவை என்பதால் அமெரிக்கச் சட்டப்படி அவற்றுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். காப்புரிமை உள்ளவற்றுக்கும் நேர்வழி இருக்கிறது. இங்கிலாந்தில் புரூக்லாண்ட்ஸ் புக்ஸ் என்ற பதிப்பகம் உரிமம் வாங்கிப் பழைய எம்.ஜி., ட்ரையம்ஃப், லேண்ட் ரோவர் ஹேண்ட்புக்குகளை மறுபதிப்பாகப் போடுகிறது. போர்ஷே தன் பழைய கார்களின் மேனுவல்களைத் தானே மறுபடி அச்சிட்டு விற்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் பழைய கார்களின் தகவல் தொகுப்புகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. இவை எல்லாம் புண்ணிய காரியம். இவர்களுக்கு ஒரு ஓ போடலாம்.

ஆக நகல் அவசியம். எனக்கும் நகல் போடுகிறவருக்கும் சண்டை இல்லை. நகல் போட்டுவிட்டு அதைச் சொல்லாமல் இருக்கிறாரே, அவரோடுதான்.

கவரிங் கடையும் தங்கக் கடையும்

நம் ஊரில் கவரிங் நகை போடாத கல்யாண வீடு உண்டா? கவரிங் கடைக்காரரை யாராவது மோசடிக்காரர் என்கிறோமா? கிடையாது. ஏனென்றால் கடை போர்டிலேயே கவரிங் என்று எழுதியிருக்கிறது. நீங்களும் தெரிந்துதான் வாங்குகிறீர்கள், அவரும் அதற்கேற்ற விலைதான் சொல்கிறார். அதே வளையலைத் தங்கக் கடை ஷோகேஸில் ஒன்றும் எழுதாமல் வைத்தால்? வளையல் மாறவில்லை. ஆனால் வியாபாரம் மோசடியாக மாறிவிட்டது. தங்கத்துக்கு ஹால்மார்க் முத்திரையை 2021-இல் இருந்து நம் நாட்டில் கட்டாயமாக்கத் தொடங்கியதும் இதனால்தான். கடைக்காரரின் வாய் வார்த்தை போதாது, பொருளின் மேலேயே எழுதியிருக்க வேண்டும் என்பதற்காக.

மேனுவல் விற்பவர்களின் வாய் வார்த்தையைக் கொஞ்சம் கேளுங்கள். இணைய ஏலங்களில் விளம்பரங்களைப் படித்தால் ஒரு தனி மொழியே கற்றுக்கொள்ளலாம். "ஒரிஜினல் ஸ்டைல்" என்பார்கள். ஸ்டைல்தான் ஒரிஜினல், புத்தகம் இல்லை. "ஃபேக்டரி தரம்" என்பார்கள். எந்த ஃபேக்டரி என்று சொல்ல மாட்டார்கள். "புத்தம் புதிய நிலையில் 1965 மேனுவல்" என்பார்கள். 1965 என்பது காரின் வருடமா, காகிதத்தின் வருடமா? உச்சம் எது தெரியுமா, "அசல் மறுபதிப்பு". அசலான மறுபதிப்பாம்! இது சுத்தமான கலப்பட எண்ணெய் என்று சொல்வது போல இருக்கிறது :)

இதில் ஒவ்வொரு சொல்லையும் தனியாக எடுத்தால் பொய் இல்லை. சேர்த்துப் படித்தால் உண்மையும் இல்லை.

காசு போகும் விதம்

எங்கள் பொருளாதாரப் பாடத்தில் ஜார்ஜ் அகர்லாஃப் என்று ஒருவர் வருவார். 1970-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரைக்காக 2001-இல் நோபல் பரிசை மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்டார். கட்டுரையின் உதாரணம் என்ன தெரியுமா? பழைய கார் சந்தை! வண்டி நல்லதா ஓட்டையா என்று விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. இந்த ஒரே காரணத்தால் சந்தை எப்படிக் கெட்டுப்போகிறது என்று அவர் காட்டினார்.

அதை நம் மேனுவலுக்குப் போட்டுப் பார்ப்போம். இது என் கற்பனைக் கணக்கு, சந்தை விலை இல்லை. ஒரிஜினல் 100 டாலர் பெறும், நகல் 15 டாலர் பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் பாதி அது, பாதி இது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. புத்தியுள்ளவன் எவ்வளவு கொடுப்பான்? சராசரியாக 57.50. இப்போது ஒரிஜினல் வைத்திருப்பவர் யோசிப்பார். நூறு ரூபாய்ப் பொருளை ஐம்பத்தேழுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வார். அவர் விலக விலகச் சந்தையில் நகலின் பங்கு கூடும். வாங்குபவன் தரத் தயாராக இருக்கும் விலை இன்னும் இறங்கும். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது நகல் மட்டுமே. ஆனால் அது நகல் என்ற பெயரில் மட்டும் இருக்காது.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. நேர்மையாக "மறுபதிப்பு" என்று அச்சடிக்கும் பதிப்பகத்துக்கு என்ன ஆகும்? உரிமத் தொகை கட்டி, நல்ல காகிதம் போட்டு, நகல் என்றும் சொல்லி 15 டாலருக்கு விற்கிறார். பக்கத்துக் கடைக்காரர் உரிமமும் இல்லாமல், ஒன்றும் சொல்லாமல் அதே சரக்கை 50 டாலருக்கு விற்கிறார். உண்மை சொல்கிறவனுக்கு அபராதம், வாயை மூடுகிறவனுக்குப் பரிசு. இதற்குப் பெயர் போட்டி என்றால் அந்தப் போட்டியில் யார் ஜெயிப்பார் என்று சொல்ல பி.காம் தேவையில்லை.

காசோடு போகாமல் காரும் போகும் விதம்

"போனால் போகிறது, அம்பது டாலர்தானே" என்பவர்களுக்கு இந்தப் பகுதி. மேனுவல் என்பது அலங்காரப் பொருள் இல்லை, அது கட்டளை. எந்த வருடத்துக் கட்டளை என்பது தெரியாவிட்டால் வண்டி பாழாகும்.

எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1962-இல் வந்தது. முதல் சில வருட வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும், அதாவது பாசிட்டிவ் எர்த். 1967-இல் மார்க் 2 வந்தபோது நெகட்டிவ் எர்த்துக்கு மாறினார்கள், டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டரும் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அதே எம்.ஜி.பி.தான். பழைய ஹேண்ட்புக்கின் நகலை வைத்துக்கொண்டு புது வண்டியின் பேட்டரியை மாட்டினால் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் கருகிவிடும்.

அதைவிட மோசம் சிட்ரோவன் டி.எஸ். பிரெஞ்சுக் கார், 1955-இல் வந்தது. சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங் எல்லாமே ஒரே ஹைட்ராலிக் திரவத்தில் ஓடும் அதிசயம். ஆரம்பத்தில் அதில் சிவப்புத் திரவம். 1967 மாடலில் இருந்து பச்சைத் திரவத்துக்கு மாறினார்கள், அது மினரல் ஆயில். அமெரிக்கா போன வண்டிகளுக்கு இந்த மாற்றம் 1969-இல்தான் வந்தது. ஒன்றுக்கு ஏற்ற ரப்பர் சீல் மற்றதைத் தாங்காது. மாற்றி ஊற்றினால் சீல்கள் ஊதிக் கெட்டுப்போய், பிரேக் உட்பட மொத்த அமைப்பும் காலி. ஒரு நகல் மேனுவலில் "இது 1965 பிரான்ஸ் பதிப்பின் நகல்" என்று ஒரு வரி இருந்தால் 1968 வண்டிக்காரர் ஜாக்கிரதையாகிவிடுவார். அந்த வரி இல்லாவிட்டால் அவர் அச்சில் இருப்பதை நம்புவார். அச்சில் இருப்பதை நம்பத்தானே நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லித் தந்திருக்கிறார்கள்?

முஸ்டாங் கதையும் இதே மாதிரிதான். 1964 ஏப்ரல் 17-இல் வெளியானது. முதல் சில மாத வண்டிகளில் ஜெனரேட்டர், 1964 ஆகஸ்டு வாக்கில் இருந்து ஆல்டர்னேட்டர். ஆனால் பதிவில் எல்லாமே 1965 மாடல். "1965 முஸ்டாங் மேனுவல்" என்று ஒருவர் நகல் விற்றால், எந்த 1965 ஐயா என்று கேட்க வேண்டும். பதில் புத்தகத்திலேயே இருக்க வேண்டும். இல்லை.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. இங்கிலாந்தில் 1959-இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டைத்தான் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. இங்கே நான்கு கதவு ஹெரால்டு செய்தார்கள், இங்கிலாந்தில் அப்படி ஒன்று வரவே இல்லை. இன்றைக்குத் தாத்தாவின் ஹெரால்டைத் தூசி தட்டி எடுக்கும் பேரனுக்குக் கையில் எளிதாகக் கிடைப்பது பிரிட்டிஷ் ஹேண்ட்புக்கின் நகல். அதிலும் "இது எந்த நாட்டு, எந்த வருடப் பதிப்பு" என்ற வரி இல்லாமல் போனால், மெட்ராஸ் வண்டிக்குக் கவென்ட்ரி வைத்தியம்தான் நடக்கும்.

அவர்கள் சொல்லும் சமாதானங்கள்

இனி எதிர்க்கட்சிக்கு வருவோம். வாதங்கள் நான்கு.

முதல் வாதம்: "வாங்குபவன்தான் விழித்திருக்க வேண்டும்." கேவியட் எம்ப்டர்! பிசினஸ் லா படித்த எல்லோருக்கும் தெரிந்த லத்தீன். ஆனால் படித்தவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நம் 1930-ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தில் இது பிரிவு 16. அதற்கு முந்தின பிரிவு 15 என்ன சொல்கிறது? விவரித்து விற்றால், பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும், அது சொல்லாமலே உள்ள நிபந்தனை என்கிறது. இங்கிலாந்திலும் இதே கொள்கைதான். அமெரிக்காவிலும் பொருளைப் பற்றிய விவரிப்பு என்பது உத்தரவாதத்துக்குச் சமம். "1965 மேனுவல்" என்று சொல்லிவிட்டுப் போன வருடம் அச்சடித்ததைக் கொடுத்தால் அது எந்த விவரத்தோடு பொருந்துகிறது?

"எனக்கே தெரியாதுங்க, நானும் ஒரிஜினல் என்றுதான் வாங்கினேன்" என்று சொல்லியும் தப்ப முடியாது. பீல் எதிர் டெய்லர் என்று 1967-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. 1961 ஹெரால்டு என்று விளம்பரம் செய்து ஒரு கார் விற்கப்பட்டது. ஆமாம், அதே ட்ரையம்ஃப் ஹெரால்டு! வாங்கியவர் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். பிறகுதான் தெரிந்தது, பின்பாதி மட்டும்தான் 1961 வண்டி, முன்பாதி அதற்கு முந்தின வேறு வண்டி, இரண்டையும் வெல்டிங் செய்து ஒட்டியிருக்கிறார்கள். விற்றவருக்கும் அது தெரியாது, அவர் யோக்கியமானவர்தான். இருந்தும் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாங்கியவர் பக்கம்தான் நின்றது. விவரம் சொன்னாய், பொருள் அப்படி இல்லை, நஷ்ட ஈடு கொடு. அவ்வளவுதான். தெரியாமல் விற்றவரே பொறுப்பு என்றால், தெரிந்தே ஒன்றும் அச்சடிக்காமல் விடுபவரை என்ன சொல்வது?

இரண்டாவது வாதம்: "விஷயம் தெரிந்தவன் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவான்." உண்மைதான், கண்டுபிடிக்கலாம். பழைய புத்தகங்களில் படங்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாக அச்சாகியிருக்கும். பூதக்கண்ணாடியில் புள்ளிகள் ஒழுங்காகத் தெரியும். அந்த அச்சை மறுபடி படம் எடுத்து அச்சடித்தால் புள்ளி மேல் புள்ளி விழுந்து அலை அலையாகவோ கறுப்புத் திட்டாகவோ தெரியும். ஸ்டேப்பிள் கம்பியில் துரு இருக்கிறதா, அந்தத் துரு காகிதத்தில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். இன்னொன்று புற ஊதா விளக்கு. காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் பிரகாசமூட்டிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலாகச் சேர்க்கப்பட்டன. ஒரு மாடல் டி மேனுவல் அந்த விளக்கில் நீலமாக ஜொலித்தால் அது 1920-களின் காகிதம் இல்லை.

சரி, இதையெல்லாம் செய்ய என்ன வேண்டும்? புத்தகம் கையில் வேண்டும். விற்பனையோ கணினித் திரையில், மூன்று மங்கலான போட்டோக்களை நம்பி நடக்கிறது. திரையின் மேல் புற ஊதா விளக்கு அடித்தால் என்ன தெரியும்? அதுவும் போக, டீ டிகாஷனில் முக்கிக் காயவைத்தால் காகிதம் பழுப்பாகிவிடும் என்பது நாடகத்துக்கு ஓலை செய்த எல்லா ஸ்கூல் பையனுக்கும் தெரியும். நிபுணனால் முடியும் என்பது நிபுணனுக்கு ஆறுதல். அப்பா ஓட்டிய காருக்கு ஒரு மேனுவல் தேடும் சாதாரண மனிதருக்கு அதில் என்ன பயன்? அச்சடிப்பவருக்கு ஒரு வரி மை செலவு. அந்த ஒரு வரியை மிச்சப்படுத்த ஆயிரம் பேர் பூதக்கண்ணாடி வாங்க வேண்டுமா?

மூன்றாவது வாதம்: "நகல் என்று போட்டால் அழகு கெட்டுவிடும். கண்காட்சியில் காரோடு வைக்கத்தான் வாங்குகிறார்கள்." இந்த வாதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் இது வாக்குமூலம். பழைய கார் போட்டிகளில் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறதா என்று நடுவர்கள் பார்ப்பார்கள். 1974-இல் தொடங்கிய அமெரிக்காவின் நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டியின் மதிப்பீடே அந்த அடிப்படையில்தான். அங்கே நகலை வைத்தால் நடுவருக்குத் தெரியக் கூடாது என்பதுதான் "அழகு கெடும்" என்பதன் அர்த்தம். ஏமாற்றுவதற்குத் தடையாக இருக்கிறது என்பதற்காக ஒரு அடையாளத்தை வேண்டாம் என்பது, பிட் அடிக்க வசதிப்படாது என்பதற்காக சூப்பர்வைசரை வெளியே போகச் சொல்வது மாதிரி. சரி, அழகே முக்கியம் என்றால் அட்டையில் போட வேண்டாம். பின்அட்டையின் உள்பக்கம், கீழே, சின்ன எழுத்தில் போடுங்கள். கண்காட்சியில் யார் கண்ணையும் உறுத்தாது. கை மாறும்போது மட்டும் கண்ணில் படும்.

நான்காவது வாதம்: "இதற்கெல்லாமா சட்டம் போடுவார்கள்?" போட்டிருக்கிறார்கள்! அமெரிக்காவில் 1973-இல் ஹாபி புரொடெக்‌ஷன் ஆக்ட் என்று ஒரு சட்டம் வந்தது. பொழுதுபோக்குப் பாதுகாப்புச் சட்டம். பழைய நாணயத்தின் நகலைச் செய்தால் அதில் "நகல்" என்று அழியாதபடி பொறிக்க வேண்டும். பழைய தேர்தல் பேட்ஜ் போன்றவற்றின் நகலைச் செய்தால் அதைச் செய்த வருடத்தைப் பொறிக்க வேண்டும். மறுபடி படியுங்கள், தேர்தல் பேட்ஜ்! சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு தகரத் துண்டுக்கு வருடம் போட வேண்டும் என்று அந்த நாடு ஐம்பது வருடத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டது. அதனால் பேட்ஜ் சேகரிப்பு அழிந்துவிட்டதா? நாணய நகல் தொழில் செத்துவிட்டதா? இல்லை. பிரேக்கில் எந்தத் திரவம் ஊற்ற வேண்டும் என்று சொல்லும் புத்தகத்துக்கு அந்த மரியாதைகூட இல்லையா?

நாளைக்கு யார் பதில் சொல்வது?

இதுவரை காசும் காரும் பேசினோம். இன்னொன்று இருக்கிறது, அது வரலாறு.

ஒரு நல்ல நகலை இன்று அச்சடித்து, ஐம்பது வருடம் ஒரு க்ளவ் பாக்ஸில் வெயிலிலும் தூசியிலும் போட்டு வையுங்கள். காகிதம் பழுப்பாகும், கம்பி துருப்பிடிக்கும், யாரோ ஒருவர் ஓரத்தில் பேனாவால் டயர் நம்பர் எழுதுவார். அப்போது அதைப் பார்ப்பவருக்கு அது நகல் என்று எப்படித் தெரியும்? இன்று நகல் விற்றவர், வாங்கியவர் இருவரும் யோக்கியர்களாகவே இருக்கட்டும். இருவரும் அப்போது இருக்கப் போவதில்லை. அவர்கள் வாயால் சொல்லிக்கொண்ட உண்மை அவர்களோடு போய்விடும். அச்சில் இருப்பது மட்டும்தான் மிஞ்சும். பொய் சொல்லும் எண்ணம் ஒருவருக்குக்கூட இல்லாமல் ஒரு பொய் ஆவணம் உருவாகிவிடுகிறது.

ஆகவேதான் "நாங்கள் விளம்பரத்தில் நகல் என்று சொல்லித்தான் விற்கிறோம்" என்பவர்களின் பதிலும் எனக்குப் போதவில்லை. விளம்பரம் ஒரு வாரத்தில் காணாமல் போகும். பில்லை மறுநாளே தொலைத்துவிடுவோம். முதல் விற்பனையில் சொன்ன உண்மை இரண்டாவது விற்பனைக்கு வந்து சேராது. புத்தகத்தின் மேல் இருப்பது மட்டும்தான் புத்தகத்தோடு போகும்.

அப்படியென்ன கேட்டுவிட்டேன்?

நான்கே நான்கு விஷயம்தான் கேட்கிறேன். ஒன்று, "மறுபதிப்பு" என்ற சொல். இரண்டு, அச்சடித்த வருடம். மூன்று, அச்சடித்தவர் பெயர். நான்கு, எந்த மூலப் பதிப்பிலிருந்து எடுத்தது, அதன் வருடம், நாடு, மேனுவலின் எண் இருந்தால் அந்த எண். இரண்டு வரிக்குள் அடங்கிவிடும். நேர்மையான பதிப்பகங்கள் இதில் பெரும்பகுதியை இன்றைக்கே செய்கின்றன. அவர்களால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியாது?

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கார் கிளப்புகள் நினைத்தால் நாளைக்கே நடக்கும். அடையாளம் இல்லாத நகலை எங்கள் கூட்டங்களில் விற்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் போட்டால் போதும். போட்டிகளில் குறி உள்ள நகலுக்கு மார்க் குறைத்துக் குறி இல்லாத நகலுக்கு முழு மார்க் கொடுக்கும் நிலை வராமல் பார்த்துக்கொண்டால் போதும். ஏலத் தளங்கள், விற்பவர் "ஒரிஜினல்" அல்லது "மறுபதிப்பு" என்று இரண்டில் ஒன்றைக் குறிக்காமல் மேலே போக முடியாதபடி வைத்தால் போதும்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "இந்தக் காகிதம் எந்த வருடம் அச்சானது?" கார் எந்த வருடம் என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் பதில் சொல்வார்கள். காகிதத்தைக் கேளுங்கள். நேரான பதில் வந்தால் வாங்குங்கள், அது நகலாகவே இருந்தாலும் சந்தோஷமாக வாங்குங்கள். "ஃபேக்டரி தரம் சார்" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

நகல் எடுப்பவர் பழைய புத்தகத்தைக் காப்பாற்றுகிறார். அதில் பெருமைப்பட வேண்டும். பெருமையான வேலை என்றால் அதில் தன் பெயரைப் போட ஏன் கூச்சம்?

டிஸ்கி: கார் இல்லாதவன் காரைப் பற்றிப் பேசக் கூடாது என்று வருபவர்களுக்கு, நான் கிரிக்கெட்டும் ஆடியதில்லை. நோ பால் என்றால் நோ பால்தான் :)